ஓவர்சியர் சாமியும் நான் விட்ட அரை அடியும்

காஞ்சிபுரத்தில் மழைத்தண்ணீரை வந்த வழியே திருப்பி அனுப்பிய பெருமை என்னைத்தான் சேரும். பள்ளத்தை நோக்கி ஓடுவது தண்ணீரின் குணம் என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன். எட்டோடு படிப்பை நிறுத்திவிட்டதால், அந்தக் குணத்தை மாற்றக்கூடாது என்கிற பாடம் எனக்குக் கிடைக்காமல் போயிற்று.

என் பெயர் அம்சா. செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் உள்ள காலனியில் வீடு. வேலை, கோல் பிடிப்பது. ரோடு போடும்போதும் கால்வாய் கட்டும்போதும் மூன்று கால்மேல் ஒரு கருவியை நிறுத்தி, ஒருவர் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவருக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் உயரமான அலுமினியக் கோலோடு ஓர் ஆள் நிற்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். கோலில் கறுப்பும் சிவப்புமாக எண்கள் இருக்கும். கருவிக்குள் எந்த எண் தெரிகிறதோ அதை வைத்து, கோல் நிற்கும் இடம் மேடா பள்ளமா என்று இன்ஜினியர் கணக்குப் போடுவார். கோல் சாயக்கூடாது. பிடிப்பவர் அசையக்கூடாது. பேச வேண்டிய அவசியமே கிடையாது. என்னை மனதில் வைத்துத்தான் இந்த வேலையைக் கண்டுபிடித்தார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு எங்கள் வீட்டில் சொல்லும் காரணம் வறுமை. அது பொய்யில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு டீச்சர் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார் என்று கேள்விப்பட்டதும் நான் வறுமையின் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

பதினாறு வருஷமாகக் கோலுக்குப் பின்னால் நிற்கிறேன். கோலின் அகலம் நாலு விரல். நான் அப்படியொன்றும் ஒல்லியில்லை. இருந்தாலும் அதற்குப் பின்னால் முழுசாக மறைந்துவிட்டதாகவே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ இன்ஜினியர்கள் கருவி வழியாக என் பக்கம் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் என் முகம் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வந்தால் கோல் இல்லாமல் என்னை அடையாளம் காண மாட்டார்கள். எனக்கு அவர்கள் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பதுவரை தெரியும்.

இப்போது நான் இருப்பது துர்காதேவி மேடத்திடம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வீட்டுப் பெண். அப்பா கலியாணசுந்தரம் இன்றும் தறியில் உட்காருகிறார். மேடம் சிவில் இன்ஜினியரிங் முடித்து, கால்வாய் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்கூட்டரில் வருவார். என்னை "அக்கா" என்பார். அவர் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்த முதல் வேலை எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய். பஸ் ரோட்டிலிருந்து கீழே இறங்கி, எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போய், தெருக்கோடியில் உள்ள பழைய சிறுபாலத்தின் அடியில் நுழைந்து பாலாற்றுப் பக்கம் போக வேண்டும். மேல்பாதியை வேறு ஆட்கள் அளந்து கட்டிவிட்டார்கள். கீழ்ப்பாதி மேடத்துக்கு.

இங்கே ஓவர்சியர் சாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சிறுபாலத்தின் பக்கச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருக்கிறது. தலை தட்டையாகச் செதுக்கியிருக்கும். பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி, அதன்மேல் ஒரு கோடு, கீழே 1913 என்று எண். எங்கள் காலனிக்கு அதுதான் ஓவர்சியர் சாமி. இந்துக்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். கிறிஸ்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஓவர்சியர் எந்த மதம் என்று யாருக்கும் தெரியாததால் இரண்டையும் அவர் மறுத்ததில்லை. ஓவர்சியர் என்பது பெயரில்லை, ஓர் உத்தியோகம் என்பதே எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது. அதுவரை முனீஸ்வரன் மாதிரி அவரும் ஒரு ஈஸ்வரன் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாமிக்குப் பூசை செய்பவர் என் தாய்மாமன் முனிரத்தினம். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பிட வருகிறவர்களை இன்றும் "முன்னாடி போ, முன்னாடி போ" என்றுதான் நகர்த்துவார். வேலை ஆரம்பித்த அன்று மேடம் கல்லைப் பார்க்க வந்தபோது மாமா கதையைச் சொன்னார்.

"அப்பல்லாம் இது காலனி இல்லம்மா, சேரி. ஐப்பசில ஏர்ற தண்ணி தை மாசம் வரைக்கும் நின்னுக்கினு இருக்கும். டவுன் கழிவெல்லாம் அதோட வரும். வாந்திபேதி வந்து ஒரே வாரத்துல ஏழு பேரு, எட்டு பேருன்னு தூக்குவாங்க. மனு போட்டு மனு போட்டு ஒரு ஓவர்சியர் வந்தாரு. பித்தளை மெஷினு, மூணு காலு, கொடை பிடிக்க ஒரு பியூனு. கால்வா நேரா ஆத்துக்குப் போவணும்னா மிராசுதார் நெலத்து ஓரமா வெட்டணும். அவரு சேரிப் பக்கம் வளைச்சி வுடுன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"ஓவர்சியர் சொன்னாராம், 'தண்ணி யாரு பேச்சயும் கேக்காதுங்க. அத்தோட பழகிப் பழகி எனக்கும் அந்தக் குணம் வந்துட்ச்சி'ன்னு. சொல்லிட்டு, எங்க தாத்தாவோட அப்பன் வீராசாமியக் கூப்ட்டு, 'வா, நீ பாரு'ன்னு மெஷினுல கண்ண வெக்கச் சொன்னாராம். அதுவரைக்கும் அவுங்கள எவன்மா எதயும் பாக்கச் சொன்னான்? அவரு பாத்தா... மிராசுதார் வூட்டு மாடி தலைகீழா தொங்குது! தூணு மேல, ஓடு கீழ! எங்க கெழவன் அன்னிக்கி சிரிச்சவன்தான், சாவற வரைக்கும் சிரிச்சிக்கினே இருந்தானாம்."

மேடமும் சிரித்துவிட்டார். "பழைய கருவியில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும் சார். லென்ஸ் அப்படி."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது பாரு, அதான் சந்தோசம்."

கால்வாய் நேராகவே வெட்டப்பட்டது. சிறுபாலம் கட்டி, உயரம் குறித்த இந்தக் கல்லையும் நட்டுவிட்டு ஓவர்சியர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த மழைக்குச் சேரியில் தண்ணீர் நிற்கவில்லை. யாரும் சாகவில்லை. நன்றி சொல்ல ஆள் இல்லாததால் கல்லுக்குச் சொன்னார்கள். அது நூறு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றுவோம். அது வழிந்து பாலத்துக்கு அடியில் இறங்கி ஆற்றுப் பக்கம் ஓடினால் அந்த வருஷம் கவலையில்லை.

மேடம் ஆபீசில் அந்தக் காலத்து வரைபடத்தைத் தேடி எடுத்திருந்தார். என்னிடம் போனில் படம் காட்டினார். "பாருங்கக்கா. முப்பத்தொரு குடிசை. ஒவ்வொரு வாசப்படியோட உயரத்தையும் அளந்து எழுதியிருக்காரு. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எழுதலன்னா யாரும் திட்டியிருக்கவும் மாட்டாங்க." அன்றைக்கே எங்கள் தெருவில் எல்லா வாசற்படியிலும் கோலை வைக்கச் சொல்லி அவரும் அளந்தார். அந்தக் காலத்தில் இன்ஜினியர் வந்தால் ஊரே எழுந்து நிற்குமாம். இவர் வந்தபோது டீக்கடை பெஞ்சில் ஒருத்தர்கூட நகர்ந்து உட்காரவில்லை. "கம்பெனிக்காரப் பொண்ணு, மீட்டர் பாக்க வந்திருக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடும் உண்டு.

ஆடி மாதம் மாமாவுக்குச் சாமியை மேம்படுத்தும் ஆசை வந்தது. என் வீட்டுக்காரர் டேனியல் கொத்தனார். யாரோ கட்டிய புது வீட்டுக் குளியலறையில் மிஞ்சிய டைல்ஸ் எங்கள் வீட்டில் கிடந்தது. நீல நிறம், மீன் படம். கல்லைச் சுற்றி மேடை எழுப்பி அந்த டைல்ஸை ஒட்டினார். கல்லின் தலை இப்போது சதுரமான ஒரு குழிக்குள் போய்விட்டது. அதில் விளக்கு வைக்க வசதியாக இருந்தது.

"சாமிய அரை அடி தூக்கிட்டேன்பா" என்றார் டேனியல் பெருமையாக.

"சாமி அங்கயேதான் இருக்குது. மேடையத்தான் தூக்கினே" என்றேன் நான். வீட்டுக்குள் எனக்கு நன்றாகவே பேச வரும்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கீழ்ப்பாதி அளவை ஆரம்பித்தது. உயரம் தெரிந்த அந்தக் கல்லின் தலையில்தான் முதலில் கோலை நிறுத்த வேண்டும். அங்கிருந்துதான் மற்ற எல்லா இடத்துக்கும் உயரம் வரும். ஜாக்கெட் தைப்பதற்குத் தோளிலிருந்து அளப்பது மாதிரி. தோளை விட்டுவிட்டுக் காதிலிருந்து அளந்தால் ஜாக்கெட் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான் கோலோடு போய் நின்றேன். மாமா அப்போதுதான் பூசை முடித்திருந்தார். குழிக்குள் விளக்கு எரிகிறது, எலுமிச்சம்பழம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. என் கோலின் அடியிலோ இரும்புப் பூண். காலையில் சாக்கடைச் சேற்றில் நின்றுவிட்டு வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சாமி தலையில் வைக்க வேண்டும். அதற்கு மாமாவிடம், "கொஞ்சம் விளக்கை எடுங்க" என்று சொல்ல வேண்டும். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வார்த்தை தொண்டைவரை வந்தது. பிறகு ஒன்பதாம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், திரும்பிப் போய்விட்டது.

கோலைப் பக்கத்தில் இருந்த மீன் டைல்ஸின்மேல் நிறுத்தினேன்.

மேடம் நாற்பதடி தள்ளிக் கருவியோடு நின்றார். அவர் கல்லைப் பார்த்தது டைல்ஸ் வருவதற்கு முன்னால். இப்போது பெண்கள் கூட்டத்தில் கோலின் அடி அவருக்குத் தெரியவில்லை. காதில் போன் வேறு. வேலையை முடி முடி என்று மேலதிகாரி விரட்டிக்கொண்டிருந்தார். "கல்லு மேலதானேக்கா?" என்று குரல் கொடுத்தார்.

நான் தலையை ஆட்டினேன். வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை வாயைத் திறக்காமலே சொல்லி முடித்தேன்.

அளவு சரியா என்று பார்க்க, சாயங்காலம் மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து முடிப்பது வழக்கம். முடித்தோம். மறுபடியும் அதே மீன்மேல் வைத்தேன். கணக்கு அச்சாகப் பொருந்தியது. "சூப்பர்க்கா, ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல!" என்று மேடம் கட்டைவிரலைக் காட்டினார். தப்பாகச் செய்தாலும் ஒரே மாதிரி செய்வேன். அந்த ஒழுக்கம் எனக்கு உண்டு.

புரட்டாசிக் கடைசியில் மாமா வழக்கம்போலக் கல்லின்மேல் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் பாலத்துக்கு ஓடவில்லை. மேடைக் குழிக்குள்ளேயே தேங்கி நின்றது. மாமாதான் சமாளித்தார். "சாமி குடிக்குது. தாகம்."

ஐப்பசி முதல் வாரம் ஒரு நல்ல மழை. மேல்பாதிக் கால்வாயில் துள்ளிக்கொண்டு வந்த தண்ணீர், கீழ்ப்பாதி தொடங்கும் இடத்தில், சரியாக எங்கள் வீட்டு வாசலில், சுவரில் முட்டிய மாடு மாதிரி நின்றது. பிறகு திரும்பியது. முதலில் கால்வாய் நிறைந்தது, அப்புறம் வாசல், அப்புறம் எங்கள் சமையலறை. பக்கத்து வீட்டுச் சந்தியா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள்.

"அம்சாக்கா, ஒங்க மேடம் கட்டின கால்வா ரொம்பப் பாசமா இருக்குதுக்கா. போன தண்ணிகூடத் திரும்பி வூட்டுக்கு வருது பாரேன்!"

மழை விட்டதும் டேனியல் கால்வாய்க்குள் இறங்கிக் கையால் தடவிப் பார்த்தார். மேல்பாதித் தரையும் கீழ்ப்பாதித் தரையும் சேரும் இடத்தில் ஒரு படி இருந்தது. கீழ்ப்பாதி மேலே நின்றது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் வைத்தார், சாண்தான் கொஞ்சம் மிஞ்சியது.

"அரை அடி" என்றார்.

அந்த அரை அடி அவர் வாயிலிருந்து வந்த விதத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஆடியில் இதே முகத்தோடு, இதே குரலில், இதையேதான் சொன்னார். கல்லைவிட அரை அடி உயரத்தில் கோலை வைத்துவிட்டுக் கல்லில் வைத்ததாகச் சொன்னால், அங்கிருந்து குறித்துக் கட்டியதெல்லாம் அரை அடி மேலேதான் நிற்கும். நான் சமையலறைக்குப் போய், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த முறத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அசையாமல் நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

மறுநாள் மேடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. அவருக்கு மேலதிகாரி கலைவாணன் சார். நேரில் வருவதைவிட போனில் அதிகம் வருகிறவர். அவர் சொல்லிவிட்டாராம்: நாளைக்குக் காலையில் சிறுபாலத்துக்கு வருகிறேன். ஒன்று, அந்தப் பழைய கல் மண்ணில் இறங்கிவிட்டது, கல்லில்தான் தப்பு என்று எழுதிக் கொடு. கல்லைப் பிடுங்கிவிட்டு வேறு குறி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தப்பு உன்னுடையது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

"கல்லுன்னு எழுதிடுங்களேன் மேடம்" என்றார் டேனியல்.

"எப்படிண்ணா எழுதறது? நூறு வருஷமா அசையாத கல்லு. பாலம் ஒரு விரிசல் இல்லாம நிக்குது. கல்லு இறங்கியிருந்தா பாலமும்தானே இறங்கணும்? நான் வந்த பிறகு அது இறங்கிச்சுன்னு எழுதினா, முப்பத்தொரு வாசப்படிய அளந்த மனுஷன் முகத்துல எப்படி முழிப்பேன்?" முகம் தெரியாத அந்த மனுஷனுக்காக அவர் வருத்தப்பட்டார். "எங்கப்பா ஒரு இழை அறுந்தாலே தறிய நிறுத்திட்டு முடிச்சு போட்டுட்டுத்தான் அடுத்த இழை ஓட்டுவாரு. நான் அரை அடிய விட்டுட்டு கால்வாயக் கட்டியிருக்கேன். எங்க விட்டேன்னே தெரியலக்கா."

எங்கே விட்டார் என்று எனக்குத் தெரியும். எதிரே நின்று வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் என் பதினாறு வருஷ வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதைவிட, சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பாரே என்றுதான் பயந்தேன். டீயைக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் கவனிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"நான் கட்டினது ஆறு அங்குலம்தான். அரை அடின்னு சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா!"

"அப்படியா?" என்று தலையைச் சொறிந்தார். "அப்ப நான் தூக்கினேன், நீ மேல வெச்சே. ஒரு குடும்பமா சேர்ந்து அந்தப் பொண்ணக் கவுத்திருக்கோம்."

"நீ போய் சொல்லேன்."

"கோல் பிடிச்சது யாரு? நானா?"

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிறுபாலத்தில் கூட்டம். கலைவாணன் சார் காரிலிருந்து இறங்கி, வெள்ளை ஷூவில் சேறு படாமல் ஒரு செங்கல்மேல் நின்றுகொண்டார். மேடம் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் பக்கத்தில் வைத்திருந்தார். கையில் ஒரு காகிதம். வேலையை விடுவதாக எழுதியது என்று மடித்த விதத்திலேயே தெரிந்தது. தெருவே வந்திருந்தது. மாமா, கல்லைப் பிடுங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் கலைவாணன் சார். "கல்லு தப்பா, நீங்க தப்பா?"

"கல்லு இல்ல சார்" என்று மேடம் காகிதத்தை நீட்டினார்.

நான் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. இரவு முழுக்க நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, "ஐயா, பெரியோர்களே" என்று தொடங்குவது, எங்கே போயிற்றோ. கோல் மட்டும் கையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போனேன். அன்றைக்கு வைத்த அதே மீன்மேல் கோலை நிறுத்தினேன். நேராகப் பிடித்தேன். அசையாமல் நின்று மேடத்தையே பார்த்தேன்.

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்சாவுக்கு இன்னா ஆச்சி?" என்றாள் சந்தியா. மேடம் என்னைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், கோலின் அடியைப் பார்த்தார். நீட்டிய காகிதத்தை மெதுவாகக் கையிலேயே மடக்கிக்கொண்டார். கருவியை எடுத்து, அன்று நிறுத்திய இடத்தில் ஏறக்குறைய அதே உயரத்தில் நிறுத்தி, கண்ணை வைத்து, எண்ணைப் படித்தார்.

"இப்ப கீழ வைங்கக்கா" என்றார்.

நான் குனிந்து குழியிலிருந்து விளக்கை எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி பண்ற? சாமி தலையில இரும்பா வெப்ப?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். வந்துவிட்டது. வந்த பிறகு, பயப்படுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"மாமா, ஓவர்சியர் இந்தக் கல்ல நட்டதே கோல் வெக்கறதுக்குத்தான். விளக்கு வெக்கறதுக்கு இல்ல. நூறு வருசமா அவரு தலைய நீட்டிக்கினு காத்துக்கினு இருக்காரு. நான்தான் வெக்காம வுட்டுட்டேன். வெச்சேன்னு பொய் சொல்லிட்டேன். கையெடு."

இவ்வளவு நீளமாக வெளியில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. மாமா கையை எடுத்ததற்கு என் பேச்சின் நியாயம் காரணமா, நான் பேசிய அதிர்ச்சி காரணமா என்று தெரியவில்லை. ஆனால் எடுத்தவர் சும்மா இருக்கவில்லை. "இரு" என்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கோலின் பூணைக் கழுவி, மஞ்சள் தடவி, "ம், இப்ப வை. ரைட்" என்று விசில் ஊதாத குறையாக அனுமதி கொடுத்தார்.

கோல் கல்லின் தலையில் உட்கார்ந்தது. மேடம் படித்தார். இரண்டு எண்களுக்கும் இடையே அரை அடி.

"யாரு மேல வெச்சது?" என்று கேட்டார் கலைவாணன் சார்.

"நான்தான்" என்றேன். இரண்டாவது தடவை சுலபமாகத்தான் வந்தது.

"இந்தம்மாவ இன்னிக்கே நிறுத்துங்க."

மேடம் என்னைக் காப்பாற்றிப் பேசவில்லை. "கோல் எங்க நிக்குதுன்னு போய்ப் பாக்க வேண்டியது என் வேலை சார். நான் பாக்கல. போன்ல உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தேன்" என்றார். கலைவாணன் சார் செங்கலில் கொஞ்சம் அசைந்தார். ஷூவில் சேறு பட்டுவிட்டது. பிறகு மேடம் என்னிடம் வந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, தெருவே கேட்கும்படி திட்டினார். ரெண்டு மாசம் தூக்கமில்லாமல் உழைத்ததை ஒரு தலையாட்டலில் கெடுத்தேன் என்றார். நேற்று டீ கொடுத்தபோதாவது வாயைத் திறந்திருக்கக்கூடாதா என்றார். எல்லாம் சரியான வார்த்தைகள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஓர் இன்ஜினியர் என் முகத்தைப் பார்த்தார், அதுவும் இந்த மாதிரி.

கீழ்ப்பாதியில் இருபது மீட்டர்தான் முடிந்திருந்தது. டேனியலும் இன்னும் நாலு பேரும் ஒரு வாரத்தில் உடைத்து, அரை அடி இறக்கி, மறுபடி போட்டார்கள். மேடத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, வேலை போகவில்லை. மேடையில் குழியைச் சுற்றி ஒரு வரிசை டைல்ஸை டேனியல் பெயர்த்து, கல்லின் தலையை வெளியே கொண்டுவந்தார். ஒரு மீன் பாதியாகிவிட்டது. இப்போது அதற்கு வால் இல்லை.

என்னை நிறுத்தித்தான் விட்டார்கள். மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். எனக்குப் பதில் வந்த ஆள் கோலைப் பிடித்துக்கொண்டு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவானாம். கோலும் கூடவே சிரிக்குமாம். நாலாவது வாரம் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

"வாங்கக்கா. ஆனா இனிமே ஒரு ரூல். முதல் அளவு எடுக்கிறதுக்கு முன்னாடி நான் வந்து கோலோட அடியப் பாப்பேன். நீங்க இந்தப் பக்கம் வந்து கருவில பாக்கணும். ரெண்டு பேரும் சரின்னு வாயால சொல்லணும். தலையாட்டக் கூடாது."

அன்றே சிறுபாலத்தில் கடைசி அளவை. மேடம் கல்லின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். கோலை மாமா பிடித்துக்கொண்டார், சாமி தலையில் நிற்கும் கோலை வேறு யார் தொடுவது என்று. நான் முதல்முறையாகக் கருவிக்குப் பின்னால் வந்தேன். வீராசாமிக் கிழவனை நினைத்துக்கொண்டு கண்ணை வைத்தேன். இத்தனை வருஷமாக என்னைத் திட்டியவர்கள், கேலி செய்தவர்கள் எல்லோரும் தலைகீழாகத் தொங்குவார்கள் என்று ஒரு நப்பாசை.

எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. சந்தியா வீட்டு மாடி, அதில் காயும் போர்வை, மாமாவின் மீசை. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் எண் தெரியவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் மல்லிகைப்பூ இருந்தது. மாமா கோலுக்கும் மாலை போட்டிருந்தார்.

மேடம் அங்கிருந்து கேட்டார். "சரியாக்கா?"

பழைய பழக்கத்தில் தலை ஆடப் பார்த்தது. கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாமா!" என்று கத்தினேன். "பூவ எடு மாமா! நம்பரு தெரியல!"

பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கோலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, இப்படியும் அப்படியும் தேடினார்.

"கத்தறது யாரு?" என்று மேடத்தைக் கேட்டார். "நம்ம அம்சாவா?"